நேரலைக்கும் வீடியோ பதிவுக்கும் எந்தக் கம்ப்யூட்டர்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டிலிருந்து வகுப்பெடுப்பவர்கள், கேம் விளையாடி யூடியூபில் நேரலை போடுபவர்கள், கல்யாண மண்டபத்துக்கும் கும்பாபிஷேகத்துக்கும் கேமராவைத் தூக்கிக்கொண்டு போகும் ஸ்டுடியோக்காரர்கள் என்று மூன்று கூட்டமும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. விலை எதுவும் எழுதவில்லை, இன்று எழுதினால் அடுத்த மாதம் பொய்யாகிவிடும். நேரலை அனுப்பவும் பதிவு செய்யவும் மென்பொருள் பெரும்பாலும் ஓபிஎஸ் ஸ்டுடியோ என்றே வைத்துக்கொள்கிறேன். இலவசம், வேலையும் நடக்கிறது.

புதுசாகத் தொடங்குகிறேன். பணத்தை முதலில் எதில் போடுவது?

கிராபிக்ஸ் கார்டில் இல்லை. மைக், விளக்கு, நல்ல அப்லோட் உள்ள இணைப்பு, அதற்கு அப்புறம்தான் கம்ப்யூட்டர். படம் கொஞ்சம் மங்கினால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார், பேச்சு கரகரத்தால் அடுத்த நொடியே வேறு வீடியோவுக்குப் போய்விடுவார்.

சரி, கம்ப்யூட்டருக்கு வருவோம். அதன் முக்கிய வேலை சுருக்குவதுதான். 1080பி படம் நொடிக்கு 30 ஃபிரேம் வீதம் வந்தால், சுருக்காத நிலையில் அது நொடிக்குக் கிட்டத்தட்ட 1000 மெகாபிட். யூடியூப் அந்த அளவுக்கு எச்.264 என்ற சுருக்கும் முறையில் பரிந்துரைப்பது 10 மெகாபிட். அதாவது நூறில் ஒரு பங்காகச் சுருக்க வேண்டும், அதையும் ஒரு நொடி பிந்தாமல் மணிக்கணக்கில் செய்துகொண்டே இருக்க வேண்டும். இதைச் செய்யும் பகுதிதான் என்கோடர். உங்கள் மெஷினில் எந்த என்கோடர் இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

ஐ7 இல்லாமல் முடியாது என்கிறார் கடைக்காரர். உண்மையா?

பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அதில் நியாயம் இருந்தது. அப்போது நல்ல தரம் வேண்டுமென்றால் எக்ஸ்264 என்ற மென்பொருள் என்கோடர்தான், அது பிராசஸரை முழுசாகத் தின்றுவிடும். இப்போது அந்த வேலைக்கென்றே தனிச் சுற்று சிப்புக்குள் வந்துவிடுகிறது. இன்டெலில் குவிக்சிங்க், என்விடியாவில் என்வென்க், ஏஎம்டியிலும் அதன் சொந்தமான ஒன்று. குவிக்சிங்க் 2011இலிருந்தே இருக்கிறது. அதனால் ஸ்கிரீனைக் காட்டி, பக்கத்தில் வெப்கேம் முகத்தை வைத்து, பென் டேப்லட்டில் எழுதிக் கணக்குப் பாடம் நடத்தும் ஆசிரியருக்கு 12ஆம் தலைமுறை ஐ3 தாராளமாகப் போதும்.

ஒரு எழுத்தை மட்டும் கவனியுங்கள். இன்டெல் மாடல் எண்ணின் கடைசியில் எஃப் இருந்தால் (12100எஃப், 12400எஃப் மாதிரி) உள்ளே கிராபிக்ஸ் கிடையாது, அதோடு சேர்ந்து குவிக்சிங்க்கும் கிடையாது. கொஞ்சம் விலை குறைவு என்று எஃப் வாங்கிவிட்டு, தனி கார்டும் போடாமல் நின்றால் மானிட்டரில் படமே வராது. ஏஎம்டியில் ரைசன் 5 5600இலும் உள் கிராபிக்ஸ் இல்லை, 5600ஜியில் உண்டு.

அப்படியானால் எந்த கிராபிக்ஸ் கார்டு?

வகுப்பு எடுப்பவருக்குத் தேவையே இல்லை. கேம் ஆடுபவருக்கும் பல கேமரா வைப்பவருக்கும் என்விடியாதான் என் முதல் பரிந்துரை. 2018இல் டூரிங் தலைமுறையோடு வந்த என்வென்க், தரத்தில் பெரிய தாவல். அதற்கு முன்பு ஒரு கம்ப்யூட்டரில் கேம், இன்னொன்றில் நேரலை என்று இரண்டு பெட்டி வைத்திருந்தவர்கள், அதன் பிறகு ஒன்றை விற்றுவிடலாம் என்ற நிலை வந்தது. ஆர்டிஎக்ஸ் 20, 30 வரிசைகள், ஜிடிஎக்ஸ் 1660, 1650 சூப்பர் எல்லாவற்றிலும் அந்தத் தரம் உண்டு. 40 வரிசையில் ஏவி1 என்ற புதிய சுருக்கும் முறைக்கான என்கோடரும் கூடுதலாக வந்தது.

விலை குறைந்த கார்டுகளில்தான் கண்ணி. ஜிடி 1030இல் என்வென்க் கிடையாது. முதலில் வந்த சாதாரண ஜிடிஎக்ஸ் 1650இல் இருப்பது முந்தைய தலைமுறை என்கோடர். ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400, 6500 எக்ஸ்டி இரண்டிலும் வீடியோ என்கோடரே இல்லை! கேம் நன்றாக ஓடும், ரெக்கார்ட் பட்டனை அழுத்தினால்தான் பாரம் முழுவதும் பிராசஸர் தலையில் விழுவது தெரியும். பெட்டியின் மேல் இதெல்லாம் பெரிசாக எழுதியிருக்காது.

இன்டெல் ஆர்க் ஏ310, ஏ380 போன்ற சின்ன கார்டுகளையும் ஒதுக்கிவிடாதீர்கள். கேமுக்குச் சுமார்தான், ஆனால் ஏவி1 உட்பட என்கோடிங் அபாரம். ஓபிஎஸ் 29.1இலிருந்து யூடியூபுக்கு ஏவி1 முறையில் நேரலை அனுப்பலாம், அதே தரத்துக்குக் குறைந்த பிட்ரேட் (நொடிக்கு அனுப்பும் மெகாபிட் அளவு) போதும். அப்லோட் வேகம் இழுபறியாக இருக்கும் ஊரில் இது பெரிய லாபம்.

நல்ல கார்டு போட்டும் வீடியோ தடங்கித் தடங்கி வருகிறது. எந்தப் பாகத்தை மாற்றுவது?

எதையும் மாற்றுவதற்கு முன்னால் ஓபிஎஸ்ஸில் ஸ்டாட்ஸ் பலகையைத் திறந்து பாருங்கள். இதைப் பார்க்காமலே ரேம் வாங்கப் போகிறவர்கள்தான் அதிகம். அங்கே மூன்று எண்கள் தனித்தனியாக இருக்கும், மூன்றும் மூன்று வெவ்வேறு நோய்.

ரெண்டரிங் தாமதத்தால் ஃபிரேம் தவறியிருந்தால், கிராபிக்ஸ் கார்டுக்கு மூச்சு விட நேரமில்லை என்று பொருள். கேம் அதை 99 சதவீதம் பிடித்துக்கொண்டால் ஓபிஎஸ்ஸுக்குக் காட்சியைக் கோத்து முடிக்கக்கூட இடம் கிடைக்காது. கேமின் ஃபிரேம் வேகத்துக்கு ஒரு வரம்பு போடுங்கள், ஓபிஎஸ்ஸை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறங்கள். பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும், ஒரு ரூபாய் செலவில்லை.

என்கோடிங் தாமதத்தால் ஃபிரேம் விடுபட்டிருந்தால், என்கோடரால் ஈடுகொடுக்க முடியவில்லை. எக்ஸ்264 வைத்திருந்தால் கார்டு என்கோடருக்கு மாறுங்கள், இல்லையென்றால் 60 ஃபிரேமை 30 ஆக்குங்கள். மூன்றாவது நெட்வொர்க் காரணமாகக் கைவிட்ட ஃபிரேம். இதற்கும் உங்கள் கம்ப்யூட்டருக்கும் சம்பந்தமே இல்லை, இணைப்புதான் காரணம். ஐ9 வாங்கிப் போட்டாலும் அந்த எண் அப்படியேதான் இருக்கும்.

ரேம் எவ்வளவு?

16 ஜிபி. ஒரே 16ஆக இல்லாமல் இரண்டு எட்டாகப் போடுங்கள். தனி கார்டு இல்லாமல் உள் கிராபிக்ஸை நம்பியிருந்தால் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும், ஏனென்றால் அது ரேமைத்தான் தன் நினைவகமாகப் பயன்படுத்துகிறது. எடிட்டிங்கும் இதே மெஷினில் என்றால் 32.

பதிவு செய்ய வேகமான எஸ்எஸ்டி வேண்டுமா?

பதிவுக்கு வேண்டாம், எடிட்டிங்குக்கு வேண்டும். நல்ல தரமான 40 மெகாபிட் பதிவு என்றால் நொடிக்கு 5 மெகாபைட்தான் எழுத வேண்டும், பழைய ஹார்டு டிஸ்க்கே அதைச் சிரித்துக்கொண்டு செய்யும். இடம்தான் பிரச்சினை. மணிக்கு 18 ஜிபி என்றால், காலை முகூர்த்தத்திலிருந்து மாலை வரவேற்பு வரை எட்டு மணி நேரத்துக்கு 144 ஜிபி. விண்டோஸுக்கும் நடப்பு வேலைக்கும் ஒரு 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, பதிவுகளைக் குவிக்க ஒரு பெரிய ஹார்டு டிஸ்க் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

பதிவை சாதாரண எம்பி4இல் நேரடியாக எழுதாதீர்கள். நடுவில் கரண்ட் போனாலோ மென்பொருள் விழுந்தாலோ மொத்த ஃபைலும் திறக்காமல் போய்விடும், ஏனென்றால் அந்த வகை ஃபைலுக்கு அட்டவணையே கடைசியில்தான் எழுதப்படுகிறது. எம்கேவி என்ற ஃபைல் வகையில் பதிவு செய்து, முடிந்ததும் ஓபிஎஸ்ஸிலேயே ரீமக்ஸ் (ஃபைல் வகையை மட்டும் மாற்றுவது) கொடுத்தால் சில நொடிகளில் எம்பி4 ஆகிவிடும், தரமும் குறையாது.

இணைப்பு வேகம் எவ்வளவு இருக்க வேண்டும்?

விளம்பரத்தில் பெரிசாகப் போடுவது டவுன்லோட். நீங்கள் பார்க்க வேண்டியது அப்லோட், அதுவும் நிகழ்ச்சி நடக்கப்போகும் அதே நேரத்தில் அளந்த அப்லோட். அளந்ததில் அறுபது எழுபது சதவீதத்துக்கு மேல் பிட்ரேட் வைக்காதீர்கள். 720பி 30 ஃபிரேமுக்கு 4 மெகாபிட் என்றால் 6 மெகாபிட்டாவது நிலையாக வர வேண்டும். முடிந்தவரை வைஃபை வேண்டாம், ரவுட்டரிலிருந்து கேபிள் இழுங்கள். இருபது மீட்டர் கேபிளுக்கு ஆகும் செலவு எந்தப் புது ரவுட்டரையும் விடக் குறைவு.

மொபைல் டேட்டாவில் போடுபவர்கள் ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்: 4 மெகாபிட் என்றால் மணிக்கு 1.8 ஜிபி. தினம் 2 ஜிபி பிளான் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் தாங்கும், பெண் அழைப்பு முடிவதற்குள் தீர்ந்துவிடும். அதோடு ஆயிரம் பேர் கூடிய மண்டபத்தில் ஒவ்வொருவர் பையிலும் ஒரு போன் இருக்கிறது. காலியான மண்டபத்தில் முந்தின நாள் அளந்த வேகத்தை நம்பாதீர்கள். வேறு வேறு நிறுவனத்தின் இரண்டு சிம் கையில் இருக்கட்டும்.

கேப்சர் கார்டு எது? மலிவாக ஒன்று கிடைக்கிறது, போதாதா?

கேமராவின் அல்லது கேம் பெட்டியின் எச்டிஎம்ஐ படத்தைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவரும் கருவிதான் கேப்சர் கார்டு. பெருவிரல் அளவில் யூஎஸ்பி முனையோடு வரும் அந்த மலிவுக் கருவிகளில் பலவற்றுக்குள் இருப்பது எம்எஸ்2109 என்ற ஒரே சிப்தான். முனை நீல நிறத்தில் இருக்கும், 4கே, 3.0 என்றெல்லாம் அச்சடித்திருக்கும், உள்ளே யூஎஸ்பி 2.0தான். அதன் கொள்ளளவு நொடிக்கு 480 மெகாபிட். நாம் முன்பு பார்த்த 1000 மெகாபிட் அதற்குள் நுழையாது. அதனால் ஒவ்வொரு ஃபிரேமையும் ஜேபெக் படமாக நசுக்கித்தான் அனுப்பும், 1080பியில் 30 ஃபிரேம் வரைதான் வரும். ஒரு கேமரா வைத்துப் பேசும் வீடியோவுக்கோ வகுப்புக்கோ இது போதும், போதாது என்று சொல்லமாட்டேன். ஆனால் நிறம் கொஞ்சம் வெளுக்கும், சூடாகும், ஒலியைச் சில நேரம் 96 கிலோஹெர்ட்ஸ் மோனோ என்று தப்பாக அறிவிக்கும் (உண்மையில் 48 ஸ்டீரியோ). ஒலியை இதன் வழியே எடுக்காமல் தனியாகக் கொண்டுவருவது நல்லது.

காசு வாங்கிக்கொண்டு செய்யும் வேலைக்கு உண்மையான யூஎஸ்பி 3.0 கருவி வாங்குங்கள், எல்காட்டோ, அவர்மீடியா மாதிரி. டெஸ்க்டாப் என்றால் மதர்போர்டிலேயே செருகும் பிசிஐஇ கார்டு இன்னும் நிம்மதி, முனை கழன்று விழும் பயம் இல்லை. ஆனால் மதர்போர்டில் அதற்கு ஸ்லாட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மலிவான போர்டுகளில் கிராபிக்ஸ் கார்டைப் போட்டதும் அடுத்த ஸ்லாட்டே மறைந்துபோவது உண்டு.

பிளேஸ்டேஷனைச் செருகினால் கறுப்புத் திரை வருகிறதே என்பவர்கள், அதன் செட்டிங்கில் எச்டிசிபி என்ற நகல் தடுப்பை அணையுங்கள். டிடிஹெச் பாக்ஸிலிருந்து எடுக்க முடியவில்லை என்றால், அது எடுக்க விடாமல்தான் செய்யப்பட்டிருக்கிறது.

வெப்கேம் போதுமா, கேமராதான் வேண்டுமா?

முகத்துக்கு முன்னால் விளக்கு இருந்தால் வெப்கேம் போதும். வெளிச்சம் குறைந்தால் பல வெப்கேம்கள் தாமாகவே ஃபிரேமைப் பாதியாக்கிவிடும், லாஜிடெக் சி920இலும் இது உண்டு. ஆள் அசைந்தால் இழுத்துக்கொண்டு வருவது அதனால்தான். செட்டிங்கில் அதை அணைத்துவிட்டு ஒரு எல்இடி விளக்கைப் போடுங்கள். கையில் நல்ல போன் இருந்தால் அதையே வெப்கேமாக்கும் ஆப்கள் இருக்கின்றன, பல வெப்கேம்களை விட அது நல்ல படம் தரும்.

கேமரா வாங்குவதென்றால் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, எச்டிஎம்ஐ வழியாக எழுத்தும் சதுரமும் இல்லாத சுத்தமான படம் வருகிறதா? இரண்டு, சார்ஜர் மாதிரி கரண்டில் ஓடும் போலி பேட்டரி அந்த மாடலுக்குக் கிடைக்கிறதா? பழைய கேமராக்கள் பல 29 நிமிடம் 59 நொடியில் பதிவை நிறுத்திவிடும். அரை மணி நேரத்துக்கு மேல் பதிவு செய்தால் ஐரோப்பாவில் அதை வீடியோ கேமரா என்று வகைப்படுத்திக் கூடுதல் சுங்கவரி போட்டார்கள், அதைத் தவிர்க்கவே அந்த வரம்பு.

டியூப்லைட் வெளிச்சத்தில் படம் மினுமினுத்தால் கேமராவைக் குறை சொல்லாதீர்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். வெப்கேம் செட்டிங் 60இல் இருந்தால் 50க்கு மாற்றுங்கள், கேமராவில் ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் வையுங்கள்.

மண்டபத்தில் மூன்று நான்கு கேமரா. எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் சொருகலாமா?

சொருகலாம், ஆனால் ஒரே யூஎஸ்பி ஹப்பில் நான்கு கேப்சர் கருவியைத் தொங்கவிடாதீர்கள், எல்லாம் ஒரே பாதையைப் பங்கு போட்டுக்கொள்ளும். என்னைக் கேட்டால், பிளாக்மேஜிக் ஏடெம் மினி மாதிரி ஒரு ஸ்விட்சர் வாங்குவதுதான் புத்திசாலித்தனம். நான்கு எச்டிஎம்ஐ உள்ளே, தேர்ந்தெடுத்த ஒரே படம் யூஎஸ்பி வழியாக வெளியே. கம்ப்யூட்டருக்கு அது ஒரு வெப்கேம்தான், சாதாரண லாப்டாப்பே சமாளித்துவிடும். மினி ப்ரோ என்றால் ஈதர்நெட் வழியாகத் தானே யூடியூபுக்கு அனுப்பும், யூஎஸ்பி டிஸ்க்கில் தானே பதிவும் செய்யும்.

வீமிக்ஸ் என்ற நேரலை மென்பொருளில் பழகியவர்கள் அதை விடமாட்டார்கள். டைட்டில், ரீப்ளே எல்லாம் அதில் சுகம்தான். அதற்கு விண்டோஸும் நல்ல என்விடியா கார்டும் வேண்டும். கேபிள் தூரத்தையும் யோசியுங்கள். எச்டிஎம்ஐ பத்துப் பதினைந்து மீட்டரைத் தாண்டினால் எப்போது கைவிடும் என்று சொல்ல முடியாது. மேடையிலிருந்து மண்டபத்தின் கடைசி வரை இழுக்க எஸ்டிஐ கேபிள்தான் சரி.

ஒலிக்கு என்ன வாங்குவது?

வீட்டில் ஃபேன் ஓடாமல் உட்கார முடியாது, அதனால் டைனமிக் மைக். கண்டென்சர் மைக் அழகாகப் பிடிக்கும், ஃபேனையும் பக்கத்து வீட்டு மிக்ஸியையும் சேர்த்து அழகாகப் பிடிக்கும். டைனமிக் மைக்கை வாய்க்கு ஒரு சாண் தூரத்துக்குள் வைத்துக்கொண்டு பேசினால் அறை சத்தம் பின்னால் போய்விடும். யூஎஸ்பி மைக் போதும். இரண்டாவது ஆள் பேச வருவார் என்றால் மட்டும் ஆடியோ இன்டர்ஃபேஸும் எக்ஸ்எல்ஆர் மைக்குகளும். கண்டென்சர்தான் வேண்டும் என்றால் அதற்கு வேண்டிய 48 வோல்ட்டை இன்டர்ஃபேஸ் கொடுக்கிறதா என்று பாருங்கள்.

மண்டபத்தில் கதை வேறு. அங்கே ஒலிபெருக்கிக்காரரின் மிக்சரிலிருந்து ஒரு லைன் வாங்குவீர்கள். அதை மைக் உள்ளீட்டில் செருகினால் ஒலி கிழியும், லைன் உள்ளீட்டில்தான் செருக வேண்டும். "ம்ம்ம்" என்று இரைச்சல் வந்து, லாப்டாப் சார்ஜரைப் பிடுங்கியதும் நின்றுவிட்டால் அது எர்த் பிரச்சினை, நடுவில் ஒரு ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் போட்டால் போய்விடும். இன்னொன்று, அளவை ஐயர் மந்திரம் சொல்லும்போது சரிசெய்துவிட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். தாலி கட்டும் நேரம் கெட்டிமேளம் என்றதும் நாதஸ்வரமும் தவிலும் எகிறும், குடும்பமே வெளிநாட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் அந்த அரை நிமிடம்தான் கரகரவென்று போகும். மந்திரம் மைனஸ் 20 டெசிபல் பக்கத்தில் ஓடட்டும், ஓபிஎஸ்ஸில், ஒலி எல்லை தாண்டாமல் அமுக்கும் லிமிட்டர் ஃபில்டர் ஒன்றைப் போட்டுவையுங்கள்.

உதடும் சொல்லும் பொருந்தவில்லை என்றால், படம் கேப்சர் கருவி வழியாகப் பிந்தி வருகிறது, ஒலி நேராக வந்துவிடுகிறது. கேமரா முன்னால் ஒருமுறை கை தட்டிப் பதிவு செய்து பார்த்து, ஓபிஎஸ்ஸின் சிங்க் ஆஃப்செட்டில் அந்த மில்லிசெகண்டை ஒலிக்குத் தாமதமாகக் கொடுங்கள்.

லாப்டாப்பா, டெஸ்க்டாப்பா?

வெளியே தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்றால் மட்டும் லாப்டாப். அதே பெயருள்ள கிராபிக்ஸ் சிப் லாப்டாப்பில் குறைந்த மின்சாரத்தில் ஓடும், சூட்டில் இன்னும் மெதுவாகும். சித்திரை மாதத்து மண்டபத்தில், மேடைக்குப் பின்னால், துணி விரித்த மேசையில் காற்றுத்துளை அடைத்துக் கிடந்தால் எந்த லாப்டாப்பும் திணறும். அடியில் ஸ்டாண்ட் வையுங்கள், சார்ஜரில் போட்டே ஓட்டுங்கள்.

கரண்ட் போனால்?

இன்வெர்ட்டர் மாறும் அந்த இமைப்பொழுதில்கூட டெஸ்க்டாப் அணைந்துவிடலாம், யூபிஎஸ் வேண்டும். வழக்கமான 600 விஏ யூபிஎஸ் 360 வாட் அளவுதான் தாங்கும், அதுவும் சில நிமிடம்தான். கேமிங் கார்டு இருந்தால் 1000 விஏவுக்குப் போங்கள். பலரும் மறப்பது ரவுட்டரை. கம்ப்யூட்டர் உயிரோடு இருந்து ரவுட்டர் அணைந்தால் என்ன பயன்? ரவுட்டருக்கென்றே 12 வோல்ட் குட்டி யூபிஎஸ் கிடைக்கிறது, மணிக்கணக்கில் நிற்கும்.

சென்னை ரிச்சி தெருவில் பழைய கார்டு வாங்கலாமா?

வாங்கலாம், ஓட்டிப் பார்த்து வாங்குங்கள். கிரிப்டோ மைனிங்கில் ஓடிய கார்டுகளில் ஃபேன்தான் முதலில் போகும், அதை மாற்றிக்கொள்ளலாம். பயாஸை மாற்றி எழுதிப் பழைய கார்டைப் புதிய பெயரில் விற்பதும் நடக்கிறது, ஜிபியூ-இசட் மென்பொருளில் பார்த்தால் தெரிந்துவிடும். அங்கேயே ஓபிஎஸ்ஸை இறக்கி என்வென்க்கில் பத்து நிமிடம் பதிவு செய்து காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

மேக்?

எம்1இலிருந்து எல்லாவற்றிலும் வன்பொருள் என்கோடர் இருக்கிறது, ஓபிஎஸ் 28இலிருந்து நேரடியாக ஓடுகிறது. பேசும் வீடியோ, எடிட்டிங் இரண்டுக்கும் அருமை. கேமுக்கும் வீமிக்ஸுக்கும் சரிப்படாது.

எல்லாம் வாங்கியாயிற்று. எப்படிச் சோதிப்பது?

யூடியூபில் நேரலையை முதன்முறை இயக்கினால் அனுமதி வர 24 மணி நேரம் வரை ஆகலாம், அதை இன்றே செய்துவிடுங்கள். அப்புறம் அன்லிஸ்டடாக (லிங்க் உள்ளவர்கள் மட்டும் பார்க்கும்படி) ஒரு நேரலையைத் தொடங்கி, நிகழ்ச்சி எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரமும் ஓடவிடுங்கள், பதிவையும் கூடவே. சூடு, டிஸ்க் நிறைவது, ஒலி மெல்ல மெல்ல விலகிப்போவது எதுவும் முதல் பத்து நிமிடத்தில் தெரியாது. நடுவில் ஒருமுறை வேண்டுமென்றே மெயின் சுவிட்சை அணைத்துப் பாருங்கள், ஒருமுறை நெட் கேபிளைப் பிடுங்கிச் செருகுங்கள். வேறு வீட்டில் இருக்கும் யாரையாவது, மொபைல் டேட்டாவில், இயர்போன் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். முடிந்ததும் ஸ்டாட்ஸ் பலகையில் அந்த மூன்று எண்களையும் குறித்துக்கொண்டு, எதுவாவது ஒரு சதவீதத்தைத் தாண்டியிருந்தால் பிட்ரேட்டையோ ஃபிரேமையோ ஒரு படி இறக்கி மறுபடி ஓட்டுங்கள்.